மூன்று, மூன்று, இரண்டு: ‘கிளாக்ஸ்’ பயிற்சியின் ஆறாவது வாரம்

கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘கிளாக்ஸ்’ பாடலில் வரும் பியானோ பகுதியை என்னுடைய பழைய கீபோர்டில் தடுமாறாமல் வாசித்துவிட வேண்டும் என்று தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. 2002இல் வெளிவந்த ‘எ ரஷ் ஆஃப் பிளட் டு த ஹெட்’ தொகுப்பில் இடம்பெற்று, மறு ஆண்டு தனிப்பாடலாகவும் வெளியாகி, 2004இல் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதைப் பெற்ற பாடல் இது. தொகுப்பு வேலை முடியும் தறுவாயில் உருவானதால், இதை அடுத்த தொகுப்புக்கு ஒதுக்கிவைக்கவே குழுவினர் முதலில் எண்ணியிருந்தார்களாம். நல்லவேளை, மனம் மாறினார்கள்.

வலது கைக்கு வேண்டியவை மூன்றே கார்டுகள், அதாவது மூன்று சுரக் கூட்டுகள். நான்கு பார் (நான்கு அடி கொண்ட தாள அளவு ஒரு பார்) கொண்ட ஒரு சுற்றில் ஈ பிளாட் மேஜர் ஒரு பார், பி பிளாட் மைனர் இரண்டு பார், எஃப் மைனர் ஒரு பார். ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகச் சுரம் சுரமாக உதிர்த்து வாசிக்க வேண்டும். முதல் மாற்றத்தில் சுண்டுவிரல் ஈ பிளாட்டிலிருந்து டி பிளாட்டுக்கும் பெருவிரல் ஜியிலிருந்து எஃப்புக்கும் இறங்க, நடுவிலுள்ள பி பிளாட் அப்படியே நிற்கிறது. அடுத்த மாற்றத்தில் மேலே சி, நடுவே ஏ பிளாட் என்று இறங்க, இம்முறை எஃப் அசைவதில்லை. இந்த மூன்று கார்டுகளின் சுரங்களையும் ஈ பிளாட்டைச் சட்ஜமாகக் கொண்டு அடுக்கிப் பார்த்தால் கர்நாடக இசையின் அரிகாம்போதி ராகத்துக்குரிய ஏழு சுரங்களும் ஒன்று விடாமல் கிடைக்கின்றன. ராகம் என்று சொல்ல வரவில்லை; ஆனால் பாடல் எங்கும் இளைப்பாறாமல் சுற்றிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றுவதில் டி பிளாட்டாக வரும் அந்தக் கைசிகி நிஷாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

விரல்கள் இரண்டே நாளில் பழகிவிட்டன. கணக்குதான் மூன்று வாரங்களைத் தின்றது. ஒரு பாரில் எட்டுச் சுரங்கள். அவை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகின்றன. அதாவது மேல் சுரம் மூன்று முறையும் கீழ்ச் சுரம் இரண்டே முறையும் ஒலிக்க வேண்டும். இரண்டு முறை மூன்றாக இறங்கிப் பழகிய கை மூன்றாம் முறை இரண்டோடு நிற்க மறுத்து, பெருவிரலையும் அழுத்தி ஒன்பதாவது சுரத்தைச் சேர்த்துவிடும். வாசிக்கும்போது எனக்கு இது தெரியவே இல்லை. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான், இரண்டு பாருக்கு ஓர் அடி வீதம் தாள அடியைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை விட்டு விலகிப்போய்க்கொண்டிருந்தது புரிந்தது. பிறகு கீபோர்டை மூடிவைத்துவிட்டு, மேசையில் தட்டியபடி ‘தகிட தகிட தக’ என்று நான்கு நாட்கள் வாய்விட்டுச் சொன்னேன். ‘தக’ வந்ததும் வாய் நின்றது. வாய் நிற்கவே கையும் நின்றது.

வேகத்தை நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி மெல்ல உயர்த்தினேன். மூலப்பாடல் ஏறத்தாழ 131 அடியில் ஓடுகிறது; அடிக்கு இரண்டு சுரம் என்பதால் நொடிக்கு நான்குக்கு மேல் வாசித்தாக வேண்டும். 112ஐத் தொட்டபோது முன்கை கட்டைபோல் இறுகிவிட்டது. விரல்களை உயர்த்தி அழுத்துவதை விட்டு, சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமிருந்து பெருவிரல் பக்கம் லேசாகச் சாய்த்ததும் இறுக்கம் தளர்ந்தது. இப்போது 124 வரை வருகிறது. சுரங்களை நீட்டி ஒலிக்கவைக்கும் பெடலை, கார்டு மாறும் அதே கணத்தில் எடுத்து மிதிக்காவிட்டால் ஈ பிளாட்டும் டி பிளாட்டும் ஒன்றோடொன்று உரசிக் கலங்கலாகக் கேட்கிறது. அது இன்னும் பத்தில் மூன்று முறை தவறுகிறது.

இடது கைக்குப் பாருக்கு ஒரு மூல சுரம் (கார்டின் பெயருக்குரிய சுரம்) மட்டும் கொடுத்திருக்கிறேன். நடுப்பகுதியில் கார்டுகள் மாறும் இடத்தை இன்னும் தொடவில்லை.

கோல்ட்பிளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் இதை வாசித்துக்கொண்டே பாடவும் செய்கிறார். நேற்று அதையும் முயன்றேன். வாயைத் திறந்த மறு நொடியே கை நான்கு நான்காக வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே மீண்டும் 80 அடிக்கு இறங்கி, பாடாமல், பாருக்கு ஒரு ‘ம்’ மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.