நாலுல சனியும் செவ்வாயும் சேர்ந்தா வீடே அமையாதா?

ஜாதகத்துல நாலாம் வீட்டுல (லக்னம், அதாவது பொறந்த நேரத்துல கிழக்குல உதிச்ச ராசில இருந்து எண்ணினா நாலாவது ராசி; வீடு, அம்மா, சுகத்த பாக்குற இடம்) சனி செவ்வாய் சேர்க்கைன்னு சொன்னாலே போதும், ஜோசியக்காரங்க பலரும் சொந்த வீடு கஷ்டம், அம்மாவுக்கு ஆகாது, குடும்பத்துல நிம்மதி இருக்காதுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு கையோட ஒரு பரிகாரத்தையும் எழுதி குடுத்துடுறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. கிரகத்தோட பேர மட்டும் வச்சு சேர்க்கைக்கு பலன் சொல்ல முடியாதுங்க, அவங்க எந்த வீட்டுக்கு அதிபதி, நிக்குற ராசில பலம் என்னன்னு பாத்தாலே பாதி பயம் போயிடும்.

மகர லக்னத்துக்கு நாலாம் வீடு மேஷம், அங்க செவ்வாய் ஆட்சி (சொந்த ராசில இருக்குறது), லக்னாதிபதி (லக்ன ராசிக்கு சொந்தக்காரர்) சனி நீசம் (ரொம்ப பலம் குறையுற ராசில இருக்குறது). கடகத்துக்கு நாலு துலாம், சனி உச்சம் (ரொம்ப பலமான ராசில இருக்குறது) ஆனா அவரே ஏழு எட்டுக்குடையவர் (அந்த ரெண்டு வீட்டுக்கும் அதிபதி), கூட இருக்குற செவ்வாய் யோககாரகர் (அந்த லக்னத்துக்கு ரொம்ப நல்லது செய்யுறவர்). அதே ரெண்டு பேர், அதே நாலாம் வீடு, ஆனா கத முழுக்க வேற.

சும்மா பொதுவா பேசுறத விட ஒரு ஜாதகத்த எடுத்துப்போம். 2020 மார்ச் 31 ராத்திரி எட்டு மணி வாக்குல, துலா லக்னத்துல பொறந்த குழந்தை. திருக்கணித பஞ்சாங்கப்படி மகரத்துல சனி ஆட்சி, செவ்வாய் உச்சம், முந்தின நாள்தான் குரு அதிசாரமா (வழக்கத்த விட வேகமா நகர்ந்து) அங்க வந்து நீசமா உக்காந்திருக்காரு. மூணு பேரும் சுகஸ்தானத்துல, அதாவது நாலாம் வீட்டுல. மேலோட்டமா பாத்தா பயமாத்தான் இருக்கும், ஆனா துலா லக்னத்துக்கு சனி நாலு அஞ்சுக்குடைய யோககாரகர், அவர் கேந்திரத்துல (1, 4, 7, 10ஆம் வீடுகள்ல) ஆட்சின்னா சச யோகம், செவ்வாய் கேந்திரத்துல உச்சம்னா ருசக யோகம் (ரெண்டுமே நல்ல யோகம்), நீச குருவுக்கு வீடு குடுத்த சனி அங்கயே பலமா இருக்கறதால நீசபங்கமும் (நீசத்தோட கெடுதல் விலகுறது) வந்துடுது. இத பாத்துட்டு வீடே அமையாதுன்னு எப்படிங்க சொல்ல மனசு வருது?

அதுக்காக எல்லாம் சூப்பர்னும் சொல்ல மாட்டேன். செவ்வாய் இங்க ரெண்டு ஏழுக்குடைய மாரகாதிபதி (கண்டம் குடுக்கக்கூடியவர்), நாலுல அவருக்கு திக்பலமும் (நிக்குற திசையால வர்ற பலம்) கிடையாது, சனிக்கும் அவருக்கும் ஒரு பாகைக்குள்ள கிரக யுத்தம், அதாவது ரொம்ப நெருங்கி நின்னு மோதுறது வேற நடக்குது (யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறுது, அந்த பஞ்சாயத்துக்கு நான் வரல). பூமிகாரகன் (நிலத்த குறிக்குற கிரகம்) செவ்வாய் அவசரம், சனி நிதானம், அதனால இடம் சட்டுனு அமைஞ்சு கட்டடம் இழுத்துக்கிட்டே போகும்னுதான் நான் படிப்பேன். செவ்வாய் நாலாம் பார்வையா (நிக்குற இடத்துல இருந்து எண்ணி நாலாவது ராசிய பாக்குறது) தன் சொந்த வீடான மேஷத்தையே, அதாவது ஏழாம் வீட்ட பாக்குறாரு, அதனால வீட்டு விஷயத்துல வாழ்க்கைத்துணையோட பேச்சு கொஞ்சம் ஓங்கியே இருக்கும். சனி பத்தாம் பார்வையா பாக்குறது லக்னத்த, அது அவரோட உச்ச ராசி, அது நல்லதுதான். செவ்வாய் தோஷம்னு யாராவது கேட்டா, உச்சத்துல இருக்குறவருக்கு விதிவிலக்கு சொல்லுவாங்க, அத்தோட விட்டுடலாம்.

அம்மாவ பத்தி கேக்குறவங்க நாலாம் வீட்டயே மொறச்சு பாத்துட்டு இருப்பாங்க. மாத்ருகாரகன் (அம்மாவ குறிக்குற கிரகம்) சந்திரன் எங்கன்னு பாக்க வேண்டாமா? இந்த ஜாதகத்துல அவர் மிதுனத்துல ராகுவோட, அதுவும் ரொம்ப நெருக்கத்துல நிக்குறாரு. என்ன கேட்டா அம்மாவோட மனக்கவலைய அங்கதான் பாக்கணும், நாலுல இருக்குறவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல.

இன்னொரு தலைவலி பஞ்சாங்கம். வாக்கிய பஞ்சாங்கப்படி (பழைய சூத்திரங்கள வச்சு கணிக்குறது) சனி மகரத்துக்கு பெயர்ந்ததே 2020 டிசம்பர் 27 தான், அதனால இதே குழந்தைக்கு வாக்கியத்துல கணிச்சா சனி தனுசுல, மூணாம் வீட்டுல இருப்பாரு, நாம இவ்ளோ நேரம் பேசின சேர்க்கையே கிடையாது! ஜாதகத்த கையில வாங்கின உடனே எதுல கணிச்சதுன்னு கேக்காம பலன் சொல்றவங்கள பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். நான் திருக்கணிதம்தான் பாக்குறேன், வானத்துல இருக்குறது அதோட ஒத்துப்போகுது.

கடைசில தசை, அதாவது எந்த கிரகத்தோட காலம் எப்போ நடக்குதுங்கறது. சந்திரன் நிக்குறது திருவாதிரை முதல் பாதம், அதனால பொறக்கும்போது ராகு தசை கிட்டத்தட்ட முழுசா பாக்கி. அது முடிஞ்சு குரு தசை 16 வருஷம், அவர் மூணு ஆறுக்குடையவரா நாலுல இருக்குறதால கடன் வாங்கி இடம் வாங்குற பேச்சு அப்பவே ஆரம்பிக்கலாம். முப்பது தாண்டித்தான் சனி தசை, 19 வருஷம், வீடு விஷயத்துல நான் நம்புறது இதத்தான். அந்த சனி தசைக்குள்ள செவ்வாய் புக்தி (தசைக்குள்ள வர்ற உட்பிரிவு காலம்) 1 வருஷம் 1 மாசம் 9 நாள், சேர்க்கையோட நல்லது கெட்டது ரெண்டும் மொத்தமா தெரியுறது அப்போதான், அதுவும் நாப்பத்தஞ்சு வயசு வாக்குல. இப்ப அந்த குழந்தை ஸ்கூலுக்கு போய்ட்டு இருக்கும், இதுக்கு இன்னைக்கே எதுக்குங்க பரிகாரம்?