ஐபேட் வாங்கலாமா?

ஆப்பிள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஏ16 சிப் உள்ள ஐபேடைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விலை 34,900 ரூபாய். தொடக்கச் சேமிப்பிடம் முந்தைய மாடலின் 64 ஜிபியிலிருந்து 128 ஆகியிருக்கிறது; எனக்கு அதுவே பெரிய விஷயம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலிருந்து நான் இறக்கி வைத்திருக்கும் பழைய நூல்கள் எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி, நகர்த்திப் படிப்பதற்குள் கண் பூத்துப்போகிறது. 11 அங்குலத் திரையில் முழுப் பக்கமும் அப்படியே தெரியும்.

தயக்கம் மகளை நினைத்துத்தான். அவள் நன்றாக வரைவாள். இதன் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. திரையில் வரைவதற்கான ஆப்பிள் பென்சிலின் முனை ஓரிடத்தில் இருக்க, கோடு அதற்குச் சற்று அடியில் விழுவதுபோல் தோன்றும். 7,900 ரூபாய் கொடுத்து வாங்கும் யூஎஸ்பி-சி பென்சிலோ கை அழுத்தத்தை உணராது. மெல்லத் தொட்டாலும் அழுத்தி இழுத்தாலும் ஒரே தடிமன். வரைகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய குறை! இதைவிட விலை கூடிய ஐபேட் ஏர் மாடலில் அந்த இடைவெளி இல்லை. ஆனால் எம்3 சிப் உள்ள ஏர் 2025-இல் வந்தபோதே 59,900 ரூபாயில் தொடங்கியது. எங்கள் வீட்டுக் கணக்கு அதற்கு இடம் தராது.

ஏ16 ஐபேடில் வரைபவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். சனிக்கிழமை மகளையே கடைக்கு அழைத்துப்போய் வரைந்து பார்க்கச் சொல்லப்போகிறேன்.