சங்கிலிப் பக்கம்

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை ஒஹாயோ உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பாலின் முதல் ஆட்டம். நான் ஐந்து நடுவர்களில் ஒருத்தி. பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் சங்கிலி இந்த வருஷமும் என் பொறுப்பில்தான். விதிப்புத்தகத்தை மறுபடி புரட்டினேன். பந்து கைநழுவி முன்னோக்கி உருண்டு எல்லைக்கு வெளியே போனால், இனிமேல் நழுவிய இடத்துக்கே திரும்ப வரவேண்டும். இந்த ஆண்டு, 2025இல், மாறியது. முதல் வாரத்திலேயே யாராவது ஒரு கோச் இதற்காகக் கத்துவார் என்று எங்கள் ஐவரில் ஒருவரான லைன் ஜட்ஜ் சொல்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஏழு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்தோம். பள்ளியின் விளையாட்டு நிர்வாகி வாசலில் காத்திருந்தார். அதிலேயே பாதி நிம்மதி. வண்டியை எங்கே விடுவது, திடலுக்கு யார் கூட்டிப்போவது, ஆட்டம் முடிந்ததும் எந்த வழியாக வெளியேறுவது என்பதையெல்லாம் நாம் கேட்கும் முன்பே சொல்லும் பள்ளியில் இரவு ஒழுங்காகப் போகும். நான் உடை மாற்ற, காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னரின் அறையைத் திறந்து வைத்திருந்தார். மற்ற ஊர்களில் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

எங்கள் தலைமை நடுவரான ரெஃப்ரி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அவசர உதவிக்கு 911 அழைக்கப்போவது யார்? ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக உள்ளே வரும்? அந்த கேட்டின் சாவி யாரிடம்? நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி எங்கே இருக்கிறது? 2023 ஜனவரி 2க்குப் பிறகு இந்தக் கேள்விகளை யாரும் கடமைக்குக் கேட்பதில்லை. சின்சினாட்டி திடலில் தொழில்முறை வீரர் டமார் ஹாம்லின், எதிராளியை மறித்துச் சாய்க்கும் ஒரு டேக்கிள் முடிந்து எழுந்து நின்று, அப்படியே பின்னால் சரிந்ததை நாங்கள் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் திடலிலேயே நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்து உயிரை மீட்டார்கள். பக்கத்தில் ஆளும் கருவியும் இருந்ததால் பிழைத்தார்.

இன்று ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு முன்னால் கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் பாப்கார்ன் கடைப் பக்கம் போயிருந்தார். பூட்டைத் திறக்கும்வரை டாஸ் போடமாட்டேன் என்று ரெஃப்ரி நின்றுவிட்டார். இந்த மனிதரோடு வேலை செய்வதில் எனக்குப் பெருமை.

வெயில் கடுமை. ஒவ்வொரு கால்பகுதியிலும் தண்ணீருக்காக ஆட்டத்தை நிறுத்தினோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மின்னல். 30 நிமிஷம் காத்திருப்பு. இருபத்தெட்டாவது நிமிஷம் தூரத்தில் ஓர் இடி. மறுபடி முதலிலிருந்து 30. வீடு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

செப்டம்பர் 6, சனி

ஜேவி, அதாவது பள்ளியின் இரண்டாம் நிலை அணிகளின் ஆட்டம். நடுவர்கள் ஐந்து பேர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பேர்.

செப்டம்பர் 12, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது கால்பகுதி. விருந்தினர் அணியின் 54ஆம் எண் பையன், லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரன். ஓடிவந்தவனை என் பக்கக் கோட்டுக்கு நாலடி உள்ளே மறித்துச் சாய்த்தான். தலையைக் குனிந்துகொண்டு போய் இடித்தான். சத்தம் பெரிதாக இல்லை. எழுந்தான். இரண்டு கால்களும் நேராக நின்றன. நடந்துபோய் எதிரணியின் ஹடிலில், அடுத்த ஆட்டத்தைப் பேச அவர்கள் கூடும் வட்டத்தில், நின்றான்.

பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவன் கைகளைப் பார்த்தேன். தாடைப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பட்டை ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. பொத்தானைத் தேடித்தேடி அழுத்திக்கொண்டே இருந்தான்.

விசில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினேன். பக்கத்தில் போய் அவன் கண்களைப் பார்த்தேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். கோச்சைக் கூப்பிட்டு, 54 வெளியே போகிறான், மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி என்று சொன்னேன். மூச்சு வாங்குது, அவ்வளவுதான், நல்லாத்தான் இருக்கான் என்றார் கோச். முடிவு அதுதான் என்றேன். இந்த மாநிலத்தில் 2013 முதல் சட்டமே இருக்கிறது. அறிகுறியோடு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை அன்றைக்குத் திரும்ப இறங்கக்கூடாது. பிறகும் டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் பயிற்சிக்கே வரலாம்.

அவர்கள் ட்ரெய்னர் ஒரு சின்னப் பெண். ஒரு வார்த்தை பேசாமல் அவன் ஹெல்மெட்டை வாங்கித் தன் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அந்தப் பூட்டுக்காக அவளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

விருந்தினர் பெஞ்ச் என் பக்கம்தான். மீதி ஆட்டம் முழுக்க வேலிக்கு அந்தப்புறமிருந்து ஒரு குரல். அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். ஊருக்குத் திரும்பிப் போ என்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் 54 பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கத்தான் திரும்பவேண்டும்போல் இருந்தது.

செப்டம்பர் 13, சனி

காலையில் அறிக்கை அனுப்பினேன். எண், நேரம், கண்டது. அதற்குமேல் எழுத அதில் இடமில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ராத்திரி வாந்தி எடுத்திருப்பானோ? யாராவது பக்கத்தில் படுத்திருந்தார்களோ? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லியிருப்பானோ? அந்தக் குரல்தான் அவன் அப்பா என்றால், சொல்லியிருக்கவே மாட்டான்.

எங்களுக்குத் தகவல் எதுவும் வராது. வரவும் கூடாது. அது அந்தக் குடும்பத்தின் விஷயம். அதெல்லாம் தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

பையன் ஒரு படிவம் கொண்டுவந்திருக்கிறான். அடுத்த வருஷம் ஒன்பதாவது. ஃபுட்பால் அணியில் சேரவேண்டுமானால் குளிர்கால உடற்பயிற்சிக்கு இப்போதே பெயர் கொடுக்கவேண்டுமாம். நவம்பர் 14 கடைசி நாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறான்.

"அம்மா, நீங்களே அங்கதானே நிக்கிறீங்க" என்கிறான்.

அங்கேதான் நிற்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நான்காவது கால்பகுதியில் ஓர் அளவெடுப்பு. சங்கிலியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். பத்து யார்டு நீளச் சங்கிலி, இரு முனையிலும் கம்பு. அதை அப்படியே திடலுக்குள் தூக்கிக்கொண்டு போனால் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்பதற்குச் சாட்சி இருக்காது. அதனால்தான் கிளிப். பத்து யார்டைக் கடக்க ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். புதிதாக முதல் டவுன் கிடைத்ததும், பின் கம்புக்குப் பக்கத்தில் வரும் ஐந்து யார்டுக் கோட்டின் பின்விளிம்பில், சங்கிலி அந்தக் கோட்டைத் தொடும் கண்ணியில் கிளிப்பை மாட்டிவிடுவோம். அளக்கும்போது நான் அந்தக் கண்ணியைப் பிடித்தபடி உள்ளே போய், அதே கோட்டின் அதே விளிம்பில் அழுத்தி வைப்பேன். பிறகு முன் கம்பை இழுத்து நிறுத்துவார்கள். கிளிப் இரண்டு விரல் தள்ளிப்போனால் ஆட்டமே தள்ளிப்போகும்.

இன்று முன் கம்பைப் பிடித்தவர் எழுபதைத் தாண்டியவர். அவர் பேரன் அதே உள்ளூர் அணியில் ஆடுகிறான். சங்கிலி விறைத்து நின்றபோது பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. உள்ளூர் அணிக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது. அவர் கம்பை ஒரு நூல்கூட அசைக்கவில்லை. காசு வாங்காமல், விருந்தினர் ரசிகர்கள் பக்கம் நின்றுகொண்டு, மழையிலும் வெயிலிலும் இந்த வேலையைச் செய்பவர்கள். இவர்களை யாராவது ஒரு தடவையாவது மைக்கில் பெயர் சொல்லிப் பாராட்டவேண்டும். நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றும் வேறு ஊர், வேறு அணிகள். ஆட்டக்காரர் பட்டியலை வாங்கியதும் 54ஐத் தேடுகிறேன். எல்லா அணியிலும் ஒரு 54 இருக்கிறான்.

அக்டோபர் 9, வியாழன்

நாளைய ஆட்டத்துக்கு எங்கள் ஐவரில் ஒருவரான பேக் ஜட்ஜ் இல்லை. முழங்கால். மாற்று ஆள் தேடி எல்லோரும் எல்லோருக்கும் போன். கோவிட் காலத்தில், 2018-19க்கும் 2021-22க்கும் நடுவில், நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் சுமார் 50,000 நடுவர்கள் விலகிப் போனார்கள். ஆள் கிடைக்காமல் சில பள்ளிகள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழனுக்கு மாற்றுகின்றன. சம்பளம் போதவில்லை என்று யாரும் விலகவில்லை, எனக்குத் தெரிந்தவர்களில். வேலிக்கு அந்தப்புறத்துக் குரலுக்காக விலகினார்கள். இரண்டாம் வருஷமே கறுப்புத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஓர் இருபது வயதுப் பிள்ளையை எனக்குத் தெரியும். நன்றாக வந்திருக்கவேண்டியவன்.

எனக்குக் கோபம் வருகிறது. தன் பிள்ளையின் தலை பத்திரமாக இருக்க ஐந்து பேர் கண் வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அந்த வேலியில் சாய்ந்திருப்பவருக்கு ஏன் தெரியவில்லை?

இரவு 10:40. ஆள் கிடைத்துவிட்டார். ஆக்ரனிலிருந்து வருகிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

யங்ஸ்டவுன் பக்கம் ஆட்டம். வண்டியில் போகும்போது ரெஃப்ரி நினைவுபடுத்தினார்: 1941இல் இதே அக்டோபர் 17, அதுவும் வெள்ளிக்கிழமை, இதே ஊரின் ரேயன் ஸ்டேடியத்தில்தான் முதன்முதலாக ஃபிளாக், அதாவது விதிமீறலைக் காட்ட நடுவர் எறியும் துணி, விழுந்தது. அதற்கு முன் ஊதுகுழலை ஊதுவார்கள். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் ஏறாது. யங்ஸ்டவுன் கல்லூரி கோச் டுவைட் பீடிக்கு அது பொறுக்கவில்லை. அவர் மனைவி இர்மா, பிள்ளைகளின் பழைய ஹாலோவீன் உடுப்பிலிருந்து சிவப்புத் துணியும் பழைய படுக்கை விரிப்பிலிருந்து வெள்ளைத் துணியும் வெட்டித் தைத்தார். பறந்துபோகாமல் விழ, தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை ஓரத்தில் வைத்தார்.

என் இடுப்பில் இருப்பது மஞ்சள். இன்று அதை எடுத்தபோது இர்மா ஞாபகம்தான். இடது டேக்கிள் என்ற இடத்தில் ஆடுபவன் ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, முன் அசைந்தான். ஐந்து யார்டு தண்டனை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் பார்மா கோயில். சாயங்காலம் அலுவலக மீட்டிங், அதிரசம், கோவில்பட்டிக்கு வீடியோ கால். அம்மா மருமகனிடம் பேசிவிட்டுப் பேரனிடம் பேசிவிட்டு, கடைசியில் என்னிடம் கேட்டாள்: "அந்தப் பையன் தேறிட்டானாடி?"

நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அதே பள்ளி. இந்த முறை அவர்கள் ஊர்.

பட்டியலில் 54 இருந்தான். டாக்டர் எழுதிக்கொடுத்திருப்பார், படிப்படியாக மைதானத்துக்குத் திரும்பியிருப்பான். அதற்கென்று முறை இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் கோச் கைகொடுத்தார். எல்லோரும் விதிப்படி உபகரணம் அணிந்திருக்கிறார்களா என்று ரெஃப்ரி கேட்டார். ஆமாம் என்றார். செப்டம்பரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முதல் கால்பகுதி முழுக்க என் வேலையை என் கண் செய்தது, என் வயிறு 54இடம் இருந்தது. வித்தியாசமாக டேக்கிள் செய்கிறான். தலை நிமிர்ந்திருக்கிறது, தோளால் மறிக்கிறான். யாரோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கால்பகுதியில் என் பக்கம் நாலடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தான். "மேடம், எத்தனாவது டவுன்?"

எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை கேட்பார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் சில்லிட்டது. கம்பத்தில் 3 என்று பெரிதாக எழுதி, அவனுக்கு எதிரிலேயே நிற்கிறது. "மூன்றாவது. இன்னும் ஏழு யார்டு" என்றேன். கண்களைப் பார்த்தேன். நேராக என்னைத்தான் பார்த்தான். தலையாட்டிவிட்டுத் திரும்பித் தன் ஆட்களிடம் மூன்று விரலைக் காட்டினான். ஸ்னாப் ஆனதும் சரியான பக்கம் பாய்ந்தான்.

முதல் பாதிக்குப் பிறகு முப்பது புள்ளி வித்தியாசம் வந்ததால் கடிகாரம் நிற்காமல் ஓடியது. சீக்கிரம் முடிந்தது. நல்லது.

அக்டோபர் 25, சனி

அம்மாவுக்கு மெசேஜ்: தேறிட்டான்மா.

நவம்பர் 1, சனி

சீசன் முடிவில் வரும் ப்ளேஆஃப் ஆட்டங்களுக்கான நடுவர் ஒதுக்கீடு வந்தது. எங்கள் ஐவரையும் ஒன்றாகவே போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

படிவம் அப்படியே கதவில். என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "வாராவாரம் நீயே பார்த்துட்டு வந்து சொல்றே. அப்புறம் இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவருக்கு அது வேண்டாம் என்பதற்கான காரணம். பையனுக்கு அதுவே வேண்டும் என்பதற்கான காரணம். இருவரும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

நான் பார்ப்பது வெள்ளிக்கிழமையை மட்டும். அங்கே ஐந்து நடுவர், ஒரு ட்ரெய்னர், வாசலில் ஆம்புலன்ஸ். திங்கள் முதல் வியாழன்வரை பயிற்சியில் யார் இருக்கிறார்கள்? அங்கேயும்தானே மோதிக்கொள்கிறார்கள். ஒருவன் தப்பான ஹடிலில் போய் நின்றால் அங்கே விசில் அடிப்பது யார்?

நவம்பர் 11, செவ்வாய்

ரெஃப்ரி கேட்கும் அதே கேள்விகளைப் பையனின் பள்ளி கோச்சுக்கு எழுதி அனுப்பினேன். பயிற்சி நாட்களில் ட்ரெய்னர் திடலில் இருப்பாரா? ஷாக் கருவி எந்த அறையில்? அந்த அறையின் சாவி யாரிடம்? முழு வேகத்தில் மோதும் பயிற்சி வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

பையனுக்கு வெட்கம். "அம்மா, யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க."

"கேக்கணும் கண்ணா."

நவம்பர் 13, வியாழன்

கோச் பதில் போட்டிருக்கிறார். மரியாதையாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கருவி உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில், பூட்டில்லாத பெட்டியில். நல்லது. மோதல் பயிற்சிக்கு நேரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்லது. ட்ரெய்னர் வாரத்தில் மூன்று நாள் இருப்பார்.

மீதி நாட்களில் யார் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். நாளைக் காலைக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதினேன். நாளை இரவு ஆட்டம் வேறு, மழையோடு குளிரும் சேரும் என்கிறார்கள். சங்கிலிக்காரர்களுக்குக் கையுறை வாங்கவேண்டும், கடை ஒன்பதுக்கு