பிக்கப் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்?

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றும் என் பொலிரோ பிக்கப், பாரம் ஏறியதுமே பின்பக்கம் அமுங்குகிறது. விலை கூடிய கேஸ் ஷாக் (வாயு அடைத்த ஷாக் அப்சர்பர்) போடச் சொல்லாத ஆள் இல்லை. ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குமே தவிர, பாரத்தைத் தாங்காது. தாங்குவது பட்டை, அதாவது அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளாலான லீஃப் ஸ்பிரிங்.

மெக்கானிக் அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்து, பட்டையின் முனையைக் கம்பியால் நெம்பிக் காட்டினார். முனைத் துளையில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறையான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, நடுவில் போல்ட் டக் டக்கென்று ஆடியது. "தம்பி, முதலில் இதை மாற்றுங்கள். கேஸ் ஷாக் எங்கேயும் ஓடிவிடாது" என்றார்.

ஆக, புஷ், பட்டையை அச்சோடு பிடிக்கும் புது யு போல்ட், பின்பக்கம் சாதாரண ஷாக் ஒரு ஜோடி. கூடுதல் பட்டை பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இரண்டு சேர்த்தால் காலி வண்டியில் ஊர் திரும்பும்போது ஒவ்வொரு குழியும் இடுப்பைக் கேட்கும். பட்டை சேர்த்ததால் ஆர்சி புத்தகத்தில் உள்ள அனுமதி எடை கூடிவிடாது. பிரேக்கும் அச்சும் பழையவைதானே! இதைச் சொன்னால் தார் ஏற்றும் வியாபாரிகளுக்குக் கோபம் வருகிறது.

பாரத்தோடு கொஞ்ச நாள் ஓடிய பிறகு யு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். அதற்கு அண்ணாச்சி காசு வாங்குவதில்லை.