கெடு இல்லாத பாடத்துக்கு நாளின் முதல் மணி நேரம்

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைத்தது?" என்பதுதான். நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தை எது பறித்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். அலுவலக வேலைக்குக் கெடு உண்டு, ஏன் முடிக்கவில்லை என்று கேட்க ஆள் உண்டு. தேர்வு ஐந்து மாதம் தள்ளி இருக்கும்போது, இன்று ஓர் அத்தியாயத்தைத் தொடாவிட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. கணக்கியல் தேர்வுக்குப் படித்த காலம் முழுவதும் அவசரத்தையும் முக்கியத்துவத்தையும் தனித்தனியாக எடைபோட்டு வந்தேன். நான் தேர்ச்சி பெற்றதற்கு நினைவாற்றலைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது புதிதல்ல. 1954-இல் அமெரிக்க அதிபர் ஐசனாவர் எவன்ஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக இதைக் குறிப்பிட்டார்: பிரச்சினைகள் இரண்டு வகை, அவசரமானவை, முக்கியமானவை, அவசரமானவை முக்கியமானவை அல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமானவை அல்ல. பின்னாளில் அதுவே, வேலை அவசரமா இல்லையா, முக்கியமா இல்லையா என்று பிரிக்கும் நான்கு கட்டப் படமாகிப் பரவியது. படத்தை யாரும் வரைந்துவிடலாம். எந்த வேலை எந்தக் கட்டத்துக்குள் போகும் என்று முடிவுசெய்வதில்தான் தடுமாற்றம். தேர்வுப் பயத்தில் இருக்கும் மனத்துக்கு எல்லாமே அவசரமாகவும் முக்கியமாகவும் தெரியும்.

ஞாயிறு இரவு, வரும் வாரத்து வேலைகளையெல்லாம் ஒரே தாளில் எழுதுவேன். அலுவலகம், வீடு, படிப்பு என்று பிரிக்கமாட்டேன். மூன்றும் போட்டிபோடுவது ஒரே நாளுக்காகத்தானே. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு குறிப்புகள். தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. முடித்தால் என்ன பலன் என்பது மற்றொன்று. பாடமாக இருந்தால் பலன் என்ற இடத்தில் மதிப்பெண்ணை எழுதுவேன், அதுவும் ஊகத்தில் அல்ல. பழைய வினாத்தாள்களை விரித்துவைத்து, எந்த அத்தியாயத்திலிருந்து எவ்வளவு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தேன். அதிகம் கேட்கப்படும், ஆனால் எனக்குச் சரியாக வராத பகுதிகளே பட்டியலில் மேலே ஏறின.

பலனை எழுத்தில் வைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கெடு நெருங்கிவிட்டதாகக் காட்டப்பட்ட வேலையையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட அதிகப் பலன் தரும் வேறொரு வேலை பக்கத்திலேயே இருந்தது. அதை முடிக்கவும் நேரம் இருந்தது. கிடைக்கப்போகும் பலனைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நினைவூட்டியபோது இந்தப் போக்கு தணிந்தது. தாளில் எழுதிய மதிப்பெண் எனக்குச் செய்ததும் இதைத்தான்.

ஒரு வாரத் தாளில் இவை இருந்தன: தேர்வுக் கட்டணம் செலுத்துவது, மாத அறிக்கை, சக ஊழியர் கேட்ட பழைய கோப்பு, ரொக்க ஓட்ட அறிக்கைக் கணக்குகள் (பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் தேர்வுப் பாடம்), குறிப்பேட்டை அழகாகத் திருத்தி எழுதுவது. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. தவறினால் தேர்வே இல்லை. அதைக் கையோடு முடித்தேன். மாத அறிக்கையும் தள்ள முடியாதது, ஆனால் அதற்கு முடிவு நேரம் குறித்தேன். குறிக்காவிட்டால் அது நாள் முழுவதையும் விழுங்கிவிடும். கோப்பு கேட்டவருக்குத்தான் அவசரம், எனக்கில்லை. அப்படிப்பட்ட கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து மாலை நான்கு மணிக்கு மேல் ஒரே மூச்சில் பார்த்தேன்.

ரொக்க ஓட்ட அறிக்கைக்குக் கெடுவே கிடையாது. ஆகவே நாளின் முதல் மணி நேரத்தை அதற்குக் கொடுத்தேன், அலுவலக மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே. "காலையில் பாடம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் அது நடக்காது. "ஆறு மணி, ரொக்க ஓட்ட அறிக்கை, மூன்றாவது கணக்கு, விடையைப் பார்க்காமல்" என்று எழுத வேண்டும். உட்கார்ந்ததும் எதை எடுப்பது என்று யோசிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கை தொலைபேசியைத் தேடிப் போகிறது.

குறிப்பேட்டைத் திருத்தி எழுதுவதை அடித்துவிட்டேன். இந்த வகை வேலையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது படிப்பு வேடத்தில் வருகிறது. வண்ணப் பேனாவால் கோடிடுவதும் படித்ததையே மறுபடி மறுபடி வாசிப்பதும் உடனே ஒரு நிறைவைத் தரும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்புச் செய்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். தேர்வு வருவது ஐந்து நிமிடம் கழித்து அல்லவே.

மேலதிகாரி இடையில் புது வேலை கொடுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். மறுக்க வேண்டியதில்லை. "சார், மாத அறிக்கை பாதியில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு இதைப் பார்க்கட்டுமா, அல்லது மாலைக்குள் இதைத் தரட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். என் அனுபவத்தில், "உடனே" என்று வந்த வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்குப் பிறகு மாலைக்கு நகர்ந்தன.

தேர்வு நெருங்கும் கடைசி வாரங்களில் பாடமும் அவசரமாகிவிடும். அப்போது புதிய அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். பாதி தெரிந்ததை முழுதாக்குங்கள். தேர்வு அறையில் கணக்கு இன்னும் கறாரானது. மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண் என்றால் பத்து மதிப்பெண் வினாவுக்குப் பதினெட்டு நிமிடம்தான். ஐந்தொகையில் (சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் பட்டியலில்) இரு பக்கமும் சமன் ஆகவில்லை என்று அந்த ஒரே வினாவில் மாட்டிக்கொள்ளாமல், இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்று வாரம் தொடர்ந்து அடுத்த தாளுக்கு நகரும் வேலை ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு தேதி போடுங்கள், அல்லது துணிந்து அடித்துவிடுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன ஆறு மணி பொருந்தாது. தூங்கி எழுந்து தலை தெளிவாக இருக்கும் முதல் மணி நேரம் எதுவோ, அது மதியம் இரண்டு மணியாக இருந்தாலும், அதைப் பாடத்துக்கு ஒதுக்குங்கள்.