உபதேசியாரும் என் பேரனும்

நான் பூசைக்கு உதவத் தொடங்கிய காலத்தில் திருகோணமலைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை லத்தீனில்தான். "அட் தேயும் குயி லேதிஃபிகாத்..." என்று எங்களுக்குப் பாடமாக்கிவிட்டவர், கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தந்த உபதேசியார். லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிய கொப்பி ஒன்று அவரிடம் இருந்தது. கருத்துக் கேட்டால், "அது கடவுளுக்கு விளங்கும், நீ பிழைவிடாமல் சொல்லு" என்பார். பின்வாங்கில் அம்மாமார் முக்காட்டோடு செபமாலை சொல்லுவார்கள். சுவாமி அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தால்தான் தலை நிமிரும்.

1965இல், உலக ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தது. தமிழ் வந்தது, பீடத்தைப் பார்த்து நின்ற சுவாமி எங்கள் பக்கம் திரும்பினார், நாங்கள் கிற்றாரோடு பாட்டுக்குழுவில் ஏறினோம். "இனி டான்சும் ஆடுவியளோ?" என்றார் உபதேசியார். என்னோடு படித்த சைவப் பொடியன் ஒருவனுக்கு இதெல்லாம் பெரிய பகிடி. "எங்கட கோணேசர் கோயில் ஐயர் சாமியைப் பார்த்துத்தான் பூசை செய்யிறார். உங்கட ஃபாதர் ஏன் சனத்தைப் பாக்கிறார்?" என்று கேட்டான். இன்றைய லத்தீன் பூசைக்காரர் பக்கம்பக்கமாக எழுதும் வாதத்தை அவன் கன்டீன் வாசலில் முடித்துவிட்டான்.

உபதேசியார் முணுமுணுத்தார், ஆனால் ஆயர் சொன்னதும் கொப்பியை மூடினார். அந்தக் காலத்துப் பழமைவாதிகள் கீழ்ப்படிவையும் பழமையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள். எதிர்த்துப் பேசுவது, மாற்றம் விரும்பிய எங்கள் கிற்றார் கட்சியின் வேலை. 1997 ஜனவரியில் இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய அடிகளாரை உரோமைத் தலைமை சபைக்குப் புறம்பாக்கியபோது அவருக்காகக் கொதித்தவர்கள் நாங்கள்தான். அடுத்த ஜனவரியில் அந்தத் தண்டனை நீங்கியது.

இப்போது எல்லாம் தலைகீழ். பழைய லத்தீன் பூசைக்கு 2007இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் தாராளமாக வழிவிட்டார். 2021இல் அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ் அதை இறுக்கினார். ரொறன்ரோவில் பிறந்த என் பேரன் அன்று பாப்பரசரோடு கோபித்துக்கொண்டான்! இருபத்துச் சொச்சம் வயது. ஞாயிறுகளில் லத்தீன் பூசை தேடி நகரத்தின் மறுகோடிக்குப் போகிறான். 2009இல் கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித், நற்கருணை அப்பத்தை முழந்தாளிட்டு நாவில் வாங்கச் சொன்னதை எடுத்துக்காட்டி, "உங்கட நாட்டு ஆளே சொல்லியிருக்கிறார், தாத்தா" என்கிறான். கையில் வாங்கும் தாத்தாவுக்கு அடி.

ஒன்று சொல்ல வேண்டும். நான் கிற்றார் கட்சிதான், ஆனாலும் 2021 முடிவு எனக்கு உவப்பாக இல்லை. எங்கள் அம்மாமாரை வளர்த்த பூசையில் என்ன ஆபத்து? அதே நேரம், புதிய பூசை செல்லுமா என்றே சந்தேகப்படும் பேரனின் சில கூட்டாளிகளோடு என்னால் பத்து நிமிடம் இருக்க முடியாது.

நம் சங்கத்தின் ஆண்டுத் திருப்பலியை (பூசையை) ஒழுங்குசெய்யக் கூடிய கூட்டத்திலும் இதே இழுபறி. இரண்டு மணித்தியாலம் கத்தியபின், முழந்தாளிட விரும்புவோருக்கு முன்னால் ஒரு பலகை போடுவது என்று தீர்ந்தது. கிற்றாரும் உண்டு. நற்கருணைப் பாட்டு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. விருப்பமானவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.