கப்பைச் சொல்லும் முன் டிஸ்க்கை அளந்துவிடுங்கள்

டெல்லியில் எம்.எஸ்., டி.என்.பி. கண் மருத்துவ பிராக்டிகலுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு: குளுக்கோமா (பார்வை நரம்பு சேதமாகும் நோய்) கேஸில் "கப்-டிஸ்க் விகிதம் 0.7" என்று சொல்லி நிறுத்தினால், "டிஸ்க் என்ன சைஸ்?" என்ற கேள்வி உடனே வரும். அது தெரியாவிட்டால் 0.7-க்குப் பொருளே இல்லை.

டிஸ்க் என்பது பார்வை நரம்பிழைகள் கண்ணிலிருந்து வெளியேறும் வாசல்; கப் அதன் நடுவில் உள்ள குழி; கப்பின் விட்டம் டிஸ்க்கின் விட்டத்தில் எவ்வளவு என்பதே விகிதம். வெளியேறும் நரம்பிழைகள் சுமார் 10 லட்சம். வாசல் அகலமானால் நடுவே இடம் மிஞ்சும். அதுதான் பெரிய கப். பெரிய டிஸ்க்கில் 0.7 இயல்பாகவே இருக்கலாம். சின்ன டிஸ்க்கில் 0.5 இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதைத்தான். நோயாளிக்கு அதனால் வரும் நஷ்டமும் பெரிது.

நோயாளியின் கண் பாப்பாவை மருந்திட்டு விரித்துவிட்டு, ஸ்லிட் லேம்ப்பில் (மெல்லிய ஒளிக்கீற்றுள்ள கண் மைக்ராஸ்கோப்) உட்கார வைத்து, கண்முன் லென்ஸைப் பிடியுங்கள். வலது கண் என்றால் உங்கள் வலது காதைத் தொட்டுக் காட்டி "மேரே கான் கோ தேக்கியே" (என் காதைப் பாருங்கள்) என்றால் போதும், டிஸ்க் நடுவுக்கு வந்துவிடும். ஒளியும் பார்வையும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மெல்லிய செங்குத்து பீமின் உயரத்தை, இரு முனைகளும் டிஸ்க் விளிம்பைத் தொடும்வரை குறையுங்கள். டிஸ்க்கைச் சுற்றியுள்ள வெளுத்த எல்ஷ்னிக் வளையத்தின் உள்விளிம்புதான் எல்லை. அந்த வளையத்தையோ அதைச் சுற்றியுள்ள அட்ராஃபியையோ (திசு நலிந்த பகுதி) சேர்த்து அளந்தால் சின்ன டிஸ்க்கும் பெரிதாகிவிடும்.

ஸ்லிட் லேம்ப்பின் பீம் உயர ஸ்கேலில் படித்த மி.மீ.யை லென்ஸுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும்: 60டி (60 டயாப்டர் பவர்) லென்ஸுக்கு ஏறக்குறைய 1, 78டிக்கு 1.1, 90டிக்கு 1.3. கம்பெனிக்குக் கம்பெனி இது சற்று மாறும். பெருக்க மறந்தால் என்ன ஆகும்? 90டியில் 1.8 என்று படித்தால் சராசரி டிஸ்க் போலத் தோன்றும். உண்மையில் அது 2.3, பெரிய டிஸ்க். தோராயமாக 1.5-க்குக் கீழே சின்னது, 2.2-க்கு மேலே பெரியது. பவர் ±5 டயாப்டரைத் தாண்டிய கண்ணில் இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். கூடுதல் மயோப்பியாவில் (கிட்டப்பார்வை) டிஸ்க் சாய்ந்தும் இருக்கலாம்.

இரு கண்களின் விகிதத்தில் 0.2-க்கு மேல் வித்தியாசமா? நோய் என்று சொல்வதற்கு முன் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அளவா என்று பாருங்கள்.

பதிலை இப்படிச் சொல்லுங்கள் (ரிம் என்பது கப்பைச் சுற்றியுள்ள நரம்பிழை விளிம்பு, நாட்ச் என்பது அதில் விழும் வெட்டு): "செங்குத்து விட்டம் 90டியில், திருத்தத்துக்குப் பின், 2.3 மி.மீ.; பெரிய டிஸ்க். செங்குத்து விகிதம் 0.7. ரிம் சுற்றிலும் முழுமையாக உள்ளது, கீழ்ப்பக்கம் தடிமன் அதிகம். நாட்ச் இல்லை, ரத்தக்கசிவு இல்லை, நரம்பிழைப் படலத்தில் குறை தெரியவில்லை." சைஸை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. கண் அழுத்தம், கோனியோஸ்கோப்பி (கண்ணின் முன்கோணப் பரிசோதனை), ஃபீல்டு (பார்வைப் புலப் பரிசோதனை) மூன்றையும் அடுத்து நீங்களே கேளுங்கள்.